புதுப்பேட்டைக்கு வந்த ‘பாபி’

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். வழி கேட்கத் தேவையில்லை. சுத்தியல் சத்தம் காதில் விழுந்து, கிரீஸும் பழைய டயரும் கலந்த வாசனை மூக்கில் ஏறினால் பேட்டை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் கூவம், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் அண்ணா சாலை. இரண்டுக்கும் நடுவே தெருத்தெருவாக இரும்பு. கார் கதவுகள் புத்தகம் மாதிரி நெருக்கி அடுக்கியிருக்கும். ஸ்டீயரிங் வளையங்கள் வளையல் கடை போலத் தொங்கும். சைலன்சர், ரேடியேட்டர், லைட் டூம், கியர் பாக்ஸ் என்று ஒரு வண்டிக்குள் இத்தனை உறுப்புகளா என்று முதன்முறை வருபவர்கள் மலைத்துப் போவார்கள்.

‘புதுப்பேட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது ஹாரன் மட்டும்தான் மிஞ்சும்’ என்று சென்னைவாசிகள் தலைமுறை தலைமுறையாகக் கிண்டல் செய்வார்கள். கடைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. வயிற்றுப்பிழைப்பைக் கேலி செய்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

இந்தப் பகுதிக்குக் கோமளீஸ்வரன்பேட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. கோமளீஸ்வரர் கோயில் இன்றும் இங்கே இருக்கிறது. பச்சையப்ப முதலியார் இந்தப் பேட்டையில் வசித்தார், கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். இன்றைக்குக் கூவத்தைப் பார்ப்பவர்கள் அதை நம்ப மாட்டார்கள். 18-ம் நூற்றாண்டில் ஆறும் ஆறாகத்தான் இருந்திருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, இந்தப் பேட்டைக்குள் ஒரு குட்டி யானை மெல்ல ஊர்ந்து வந்தது. டாடா ஏஸ் வண்டிக்கு ஊரே வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. பின்னால், பழைய சாக்குகளுக்கு நடுவே கயிற்றால் கட்டிப் படுக்க வைத்திருந்தது ஒரு குள்ளமான மோட்டார் சைக்கிள். ஸ்கூட்டருக்கு இருப்பதுபோலச் சின்னச் சக்கரம். முழுக்கக் கறுப்பு பெயின்ட், அதன் மேல் காய்ந்த கோழி எச்சம். கூடவே வந்தவர் காட்பாடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வேளச்சேரியில் தங்கி ஐ.டி. வேலை பார்க்கும் அவர் மகள், பேட்டை முனையிலேயே வந்து சேர்ந்துகொண்டார்.

வண்டி கடை வாசலில் இறங்கியதும், பத்தடிக்குப் பத்தடி கடையிலிருந்து எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘பாய்’.

“அட, பாபி!” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கடைகளிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள்.

பாபி என்பது கம்பெனி வைத்த பெயர் அல்ல. ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 என்பதுதான் அசல் பெயர். ஹரியானாவின் பரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. 1973-ல் ராஜ் கபூர் இயக்கிய ‘பாபி’ படம் வெளிவந்தது. ரிஷி கபூர் கதாநாயகனாக அறிமுகமான படம், டிம்பிள் கபாடியாவுக்கு முதல் படம். அதில் ரிஷி கபூர் டிம்பிளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டியது இந்தக் குட்டி பைக்கைத்தான். படம் நாடெங்கும் ஓடியது. வண்டிக்குப் படத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்து நந்தா குடும்பம் ராஜ் கபூருக்குச் சம்பந்தி வீடு. அவர் மகள் ரிதுவைத்தான் ராஜன் நந்தாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டு வண்டிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் யார் செய்ய முடியும்!

மினி பைக் என்ற வகையே விளையாட்டாகப் பிறந்ததுதான். ஜப்பானில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் டாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில், 1961-ல் சிறுவர்கள் ஓட்டுவதற்காக ஹோண்டா ஒரு குட்டி வண்டி செய்தது. பெரியவர்கள் அதில் ஏறி முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் குரங்கு மாதிரி இருக்கிறது என்று ‘மங்கி’ என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்காவில் புல் வெட்டும் இயந்திரத்தின் என்ஜினைக் கழற்றி, குழாய்ச் சட்டத்தில் பொருத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பாபி அப்படி விளையாட்டுச் சாமான் இல்லை. வயிற்றில் இருப்பது பெரிய ராஜ்தூத்தின் அதே 175 சி.சி. டூ ஸ்ட்ரோக் என்ஜின். போலந்து நாட்டின் எஸ்.ஹெச்.எல். கம்பெனியிடம் 1960-களின் தொடக்கத்தில் உரிமம் வாங்கி எஸ்கார்ட்ஸ் இங்கே செய்த என்ஜின் அது. மூன்றே கியர். சத்தம் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

அந்த ஒரே என்ஜின் விஷயம்தான் கணக்கு வாத்தியாருக்குப் பின்னால் தலைவலியாக வந்து நின்றது.

“எவ்ளோ குடுத்தீங்க சார்?” என்றார் பாய்.

“நாற்பத்தஞ்சாயிரம். ஆற்காடு பக்கம் ஒரு தோட்டத்துல கிடந்தது. எல்லாமே ஒரிஜினல்னு சொன்னாங்க.”

பாய் அதற்குப் பதில் சொல்லவில்லை. “பேப்பர் இருக்கா?”

“பழைய ஆர்.சி. புக் இருக்கு பாய்.”

“அதைக் குடுங்க மொதல்ல. வண்டி எங்கேயும் ஓடிடாது.”

பழைய வண்டி வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். வண்டி வந்த மறுநாளே சோப்புத் தண்ணீர், உப்புத்தாள், வயர் பிரஷ் என்று இறங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பளபளவென்று ஒரு போட்டோ போட்டாக வேண்டும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அழிந்துபோவதைப் பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. வண்டியின் மேல் இருக்கும் அழுக்கு, பழைய பெயின்ட், மாற்றிப் போட்ட நட்டு எல்லாமே சாட்சி. பாய் வாத்தியாரிடம் கேட்ட முதல் உறுதிமொழியே, தான் சொல்லும்வரை யாரும் இந்த வண்டியைத் துடைக்கக் கூடாது என்பதுதான்.

சேஸிஸ் நம்பர் ஹேண்டில்பார் சேரும் கழுத்துப் பகுதியில் இருக்க வேண்டும். அங்கே பார்த்தால் வெறும் கறுப்பு. பாய் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்து, குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தார். கறுப்பு கரைந்தது. அடியில் நீலம். நீலத்தைக் கரைக்க அரைமணி நேரம் ஆனது. அதற்கும் அடியில், பழுப்பேறிய ஒரு சிவப்பு.

“இதான் அம்மா வயித்துல இருந்து வந்த கலர்” என்றார். மகள் உடனே செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்.

சிவப்பின் மேல் எண்கள் லேசாகப் புடைத்தும் குழிந்தும் தெரிந்தன. பாய் சாக்பீஸைப் பொடித்து அதன் மேல் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் குழிக்குள் நிழல் விழும், எண் எழுந்து நிற்கும். பிறகு நகத்தால் எண்களின் மேல் மெதுவாக வருடிப் பார்த்தார்.

நகத்துக்கு என்ன தெரியும்? நிறையவே தெரியும். யாராவது பழைய எண்ணை அராவி எடுத்துவிட்டுப் புது எண் அடித்திருந்தால், அந்த இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். அரம் இழுத்த கோடுகள் ஒரே திசையில் ஓடும். எண்களின் விளிம்பு கூர்மையாகக் கையைக் கீறும். ஐம்பது வருடத்து எண்ணின் விளிம்போ தேய்ந்து மழுங்கியிருக்கும், அதன் குழிக்குள்ளும் பழைய பெயின்ட் இறங்கியிருக்கும். இந்த வண்டியில் சிவப்பு பெயின்ட் எண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதாவது பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எண் இருந்திருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தார்கள். வாத்தியார் சொல்லச் சொல்ல மகள் படித்தார். சரியாக இருந்தது. முதல் பதிவு 1975.

அந்த 1975-ல்தான் விஷயம் இருந்தது. 2021-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘வின்டேஜ்’ என்று ஒரு தனிப் பிரிவைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டியாக இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கடைகண்ணிக்கு எடுத்துப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற தேவைகளுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். ஆனாலும் பழைய வண்டிப் பிரியர்களுக்கு அது ஒரு பட்டம் மாதிரி. வாத்தியாரும் அந்தக் கனவோடுதான் காட்பாடியிலிருந்து வந்திருந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பாய் என்ஜின் பக்கம் குனிந்தார். கிராங்க் கேஸில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கட்டைக் குச்சியால் சுரண்டினார். எண் பளிச்சென்று தெரிந்தது. அழகான, அராவாத, நேர்மையான எண். ஆனால் ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த எண் அது இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீ வந்தது.

“இது பாபி என்ஜின் இல்ல சார். பால்காரர் என்ஜின்” என்றார் பாய்.

பெரிய ராஜ்தூத்தை வட இந்தியாவில் தர்மேந்திரா விளம்பரத்தில் ஓட்டினார் என்றால், நம்மூர்ப் பக்கம் அதைப் பால் கேன் தொங்க ஓட்டியவர்கள் பலர். மேடு பள்ளம் பார்க்காது, எவ்வளவு சுமை ஏற்றினாலும் முனகாது. ஒரே என்ஜின் என்பதால் அதைக் கழற்றி இதில் வைப்பதும் இதைக் கழற்றி அதில் வைப்பதும் ஒரு நாள் வேலைதான். அப்படி எத்தனையோ பாபிகளின் அசல் என்ஜின் பால் கேனோடு போய்விட்டது. வண்டியை வெளியிலிருந்து பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எண் மட்டும்தான் காட்டிக் கொடுக்கும்.

வாத்தியாரின் முகம் சுருங்கியது. நாற்பத்தைந்தாயிரம் போனதைவிட, ‘எல்லாமே ஒரிஜினல்’ என்ற பேச்சை நம்பியதுதான் அவரை உறுத்தியது. முப்பது வருடம் பிள்ளைகளிடம் ‘விடையைச் சரிபார்’ என்று சொன்னவர் அல்லவா!

இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் நின்ற ஒருவர் மெல்ல வாத்தியாரின் காதருகே வந்தார். “சார், அந்த நம்பர் புக்குல இருக்குற மாதிரியே அடிச்சுக் குடுக்குற ஆளு இருக்காரு. சாயங்காலத்துக்குள்ள ரெடி. யாருக்கும் தெரியாது.”

சொன்னவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் பாயின் காதில் விழுந்துவிட்டது. கையிலிருந்த டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அதன்பிறகு அவர் பேசிய வார்த்தைகளை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. அந்த மனிதர் போன திசையே தெரியவில்லை.

வண்டி எண்ணை மாற்றி அடிப்பது குற்றம். திருட்டு வண்டியோடு சம்பந்தமே இல்லாதவர்களும், வண்டியின் மதிப்பைக் கூட்டிக் காட்டும் ஆசையில் இதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அசல் எண்ணை ஒருமுறை அராவிவிட்டால், நியாயமாக வாங்கிய வண்டியும் சந்தேக வண்டிதான். புதுப்பேட்டைக்கு இருக்கிற கெட்ட பெயரில் பாதி இப்படிப்பட்ட காரியங்களால் வந்தது. மீதிப் பாதி சினிமாவால் வந்தது. பாய் போன்றவர்கள் ஐம்பது வருடமாக ரசீது போட்டுக் கடை நடத்துவது எந்தப் படத்திலும் வருவதில்லை.

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்த மகள்தான் அதைக் கண்டுபிடித்தார். “அப்பா, கடைசிப் பக்கத்துல ஏதோ சீல் இருக்கு.”

ஊதா மையில் அடித்த ரப்பர் ஸ்டாம்ப், பாதி அழிந்திருந்தது. அதன் கீழே பேனாவில் ஒரு எண். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கிராங்க் கேஸில் இருந்த அதே எண்! 1988-ல் அன்றைய உரிமையாளர், ஆரணிப் பக்கத்தைச் சேர்ந்தவர், என்ஜின் மாற்றியதை முறைப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். என்ஜின் மாற்றினால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் எத்தனை பேர் செய்தார்கள்?

“பால்காரரா இருந்தாலும் யோக்கியன்” என்றார் பாய். யார் என்றே தெரியாத ஒரு மனிதருக்கு, அவர் பால் ஊற்றினாரா என்பதே தெரியாமல், புதுப்பேட்டைத் தெருவில் அன்றைக்கு நற்சான்றிதழ் கிடைத்தது.

ஆக, வண்டி சுத்தம். யாரும் ஏமாற்றிய வண்டி இல்லை, திருட்டு வண்டியும் இல்லை. ஆனால் என்ஜின் மாறிய வண்டி. வின்டேஜ் பட்டத்தை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை என்று வாத்தியாரே முடிவுக்கு வந்துவிட்டார். சாதாரண வண்டியாகவே ஆர்.சி.யைப் புதுப்பித்து, தகுதிச் சான்று வாங்கி, பசுமை வரி கட்டி ஓட்டுவது என்று தீர்மானமானது. அதற்கும் அலைச்சல் குறைவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து இன்னும் கம்ப்யூட்டருக்கு ஏறாத வண்டிகள் உண்டு. 1989-க்கு முன் பதிவான மூன்றெழுத்து நம்பர் வண்டிக்காரர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். கவுன்டருக்குக் கவுன்டர் நடக்க வேண்டும். ஓய்வுபெற்றவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு என்று மகள் சிரித்தார்.

வேலை தொடங்கியது. நான்கு மாதம், எட்டு சனிக்கிழமை. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் பத்து மணிக்குள் பேட்டை.

என்ஜினைப் பிரித்தபோது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. டீசலும் ஆயிலும் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித்தான் எடுக்க முடிந்தது. லேத்துப் பட்டறைக்காரர் உள்விட்டத்தை அளந்து பார்த்து, ஏற்கெனவே மூன்று முறை போர் போட்டிருக்கிறார்கள் என்றார். சிலிண்டர் தேயத் தேய, கால் மில்லிமீட்டர் கூடுதலாகக் குடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். நாலாவது சுற்றான ஒரு மில்லிமீட்டர்தான் கடைசி. அதற்குப் பிறகு புது ஸ்லீவ் இறக்க வேண்டும். அந்தக் கடைசி அளவு பிஸ்டனைத் தேடி வாத்தியார் ஜி.பி. ரோடு முழுக்க நடந்தார். பெரிய ராஜ்தூத் லட்சக்கணக்கில் ஓடிய புண்ணியத்தில், ஒரு கடையின் மேல் தட்டில் மெழுகுத் தாள் பிரிக்காமல் கிடைத்தது. கடைக்காரர் தூசியை ஊதியபோது இருவருக்கும் தும்மல்.

கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீலும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பார்க்க அற்பமான ரப்பர் வளையம். ஆனால் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்துதான் மேலே போகும். அங்கே சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை கெட்டுவிடும். கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்த்து, பிளக்கை மாற்றி, உதைத்து உதைத்துக் கால் வலி கண்டவர்கள் எத்தனையோ பேர். “மூச்சு ஓட்டையா இருந்தா ஓட முடியுமா சார்?” என்று கேட்டார் பாய். இருமல்காரரான வாத்தியாருக்கு அது உடனே புரிந்தது.

சைலன்சருக்குள் பல வருடத்துக் கரி. வெல்டிங் பட்டறையில் அதைப் பழுக்கக் காய்ச்சியபோது எழுந்த புகையில் எதிர்வரிசைக் கடைகள் கொஞ்ச நேரம் மறைந்தே போயின. பெட்ரோல் டேங்குக்குள் துரு. அதற்குள் ஒரு பழைய சைக்கிள் செயினையும் ஒரு பிடி ஜல்லியையும் போட்டு, கடைப் பையன்கள் மாற்றி மாற்றிக் குலுக்கினார்கள். டேங்கின் வெளிப்பக்கத்தில் பாய் ஒரு காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவியது. உள்ளே தகரம் இல்லை, பட்டி. எப்போதோ விழுந்து நசுங்கிய இடத்தைத் தட்டி எடுக்காமல் பூசி மெழுகியிருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுத்து, டிங்கரிங் செய்பவர் உள்ளேயிருந்து தட்டித் தட்டிப் பழைய வளைவைக் கொண்டுவர ஒரு பகல் முழுக்க ஆனது.

பாபியில் கஷ்டம் இதுதான். என்ஜின் சாமான் கிடைத்துவிடும். உடம்புச் சாமான் கிடைக்காது. டேங்க், சீட், பக்கத்து மூடிகள் எல்லாம் இந்த மாடலுக்கென்றே செய்தவை. அதனால் இருப்பதை நசுங்கியிருந்தாலும் தூக்கி எறியாமல் சரிசெய்வதுதான் வழி. ஒரு பக்க மூடி இல்லவே இல்லை. மறுபக்கத்து மூடியை அட்டையில் வரைந்து திருப்பிப் போட்டு, தகரம் வெட்டிப் புதிதாகச் செய்தார்கள். வரைபடம் கணக்கு வாத்தியாருடையது. அளவு முதல் தடவையிலேயே பொருந்தியதில் அவருக்கு ஏக பெருமை. செலவு வண்டி விலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததை வீட்டில் இருவருமே சொல்லவில்லை.

இதற்கிடையில், ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தை யாரும் சரியாகப் படிக்கவில்லை என்பது ஒருநாள்தான் தெரிந்தது. எண்ணைப் பார்த்தார்கள், வருடத்தைப் பார்த்தார்கள். பெயரைப் பார்க்கவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கப் புத்தகத்தை ஸ்கேன் செய்தபோது மகள் கவனித்தார். 1975-ல் அந்த வண்டியை முதன்முதலில் வாங்கியவர் ஒரு பெண். குடியாத்தம் முகவரி.

வாத்தியார் மறுநாளே பஸ் ஏறிவிட்டார். தெரு இருந்தது, வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த முதியவரிடம் கேட்டபோது, தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலேயே, “யாரு, பைக் டீச்சரம்மாவா?” என்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் குட்டி வண்டியில் பள்ளிக்கூடம் போவாராம். பின்னாலேயே சிறுவர்கள் ஓடுவார்களாம். தானும் ஓடியதுண்டு என்று அவர் சொன்னார். டீச்சரம்மா மாற்றலாகிப் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

சினிமாவில் பாபி என்பது வண்டியின் பெயர் இல்லை, பெண்ணின் பெயர். ஓட்டியது பையன், பின்னால் உட்கார்ந்தது பாபி. குடியாத்தத்தில் அது வேறு மாதிரி நடந்திருக்கிறது. தந்தை போனில் இதைச் சொன்னபோது, மகள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லையாம். பிறகு, “எனக்கு பைக் ஓட்டக் கத்துக்குடுங்கப்பா” என்றாராம்.

எட்டாவது சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு வண்டியை முதலில் உதைத்தார்கள். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. என்ஜின் ஓடி, எங்கே கசிகிறது, எங்கே உரசுகிறது என்று பார்த்து, மறுபடி கழற்றிச் சரிசெய்த பிறகுதான் பெயின்ட் என்பது பாயின் சட்டம். பெட்ரோலில் 2டி ஆயிலைக் கலந்து ஊற்றினார்கள். பாய் உதைத்தார். ஒன்றுமில்லை. கடைப் பையன் உதைத்தான். ஒரு தும்மல், ஒரு நீலப் புகை. பாயின்ட் இடைவெளியை ஒரு தாள் அளவு திருத்திவிட்டு, பாய் மகளைப் பார்த்து, “நீ ஒதைம்மா” என்றார்.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. தகரக் கூரைகளுக்கு நடுவே அந்தச் சத்தம் எதிரொலித்தபோது, எதிர்க்கடைப் பெரியவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று தலையை ஆட்டினார். வாத்தியார் வண்டியில் ஏறி உட்காரப் போனார். பாய் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

“இன்ஷூரன்ஸ் இருக்கா? எஃப்.சி. ஆச்சா? அப்ப எறங்குங்க சார். குட்டி யானையைக் கூப்பிடு.”

பெயின்ட் பட்டறை ராணிப்பேட்டையில். அசல் சிவப்புக்கு மேட்ச் பார்க்க, சீட்டுக்கு அடியில் வெயில் படாத ஒரு மூலையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார் பாய். வண்டியை முழுக்கச் சுரண்டி, பிரைமர் அடித்து, மூன்று கோட் கொடுத்தால் ஷோரூமிலிருந்து வந்தது மாதிரி ஆக்கிவிடலாம் என்றார் பட்டறைக்காரர்.

“முழுக்க வேண்டாம் அண்ணே” என்றார் மகள். ஹேண்டில்பார் கழுத்தில், சேஸிஸ் நம்பரைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மாஸ்கிங் டேப்பை அவரே ஒட்டினார். உள்ளே சாக்பீஸ் பொடி இன்னும் லேசாக ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி 1975-ன் பழைய சிவப்பு.

“அந்த இடம் மட்டும் டல்லா தெரியுமேம்மா” என்றார் அவர்.

“தெரியட்டும்” என்றார் வாத்தியார்.